அமைச்சரா, ஆணையமா, நீதிமன்றமா: சோலார் கட்டணத்துக்காகச் சிறு ஆலைகள் எங்கே பேசுவது?

கூரையில் சோலார் போட்ட சிறு ஆலைக்காரருக்கு மாநிலத்தின் மின்சார முடிவு ஒவ்வொன்றும் மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும். நெட்வொர்க் கட்டணம் (சோலார் யூனிட்டுக்கு வாரியத்தின் கம்பிக்காக வாங்குவது), பீக் ஹவர் கட்டணம் (தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கான கூடுதல் கட்டணம்), காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு பேங்கிங் (உபரி மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்துப் பிறகு எடுப்பது) என்று பட்டியல் நீளும். முடிவாவதற்கு முன்பே நம் பேச்சு போய்ச் சேர தமிழ்நாட்டில் மூன்று வாசல்கள் இருக்கின்றன: அமைச்சரிடம் மனு, கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் ஆட்சேபம், நீதிமன்றத்தில் வழக்கு. எங்கள் சங்கத்தின் மின்சாரக் குழுவில் இருப்பதால் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கும் வந்தது. எங்கள் உழைப்பில் பெரும்பங்கை ஆணையத்துக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தோம். இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அமைச்சர் வழியின் பலம் வேகம். அதில் சந்தேகமே இல்லை. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. அந்த ஆண்டிலேயே பீக் ஹவர் கட்டணத்தில் தளர்வும், சிறு குறு தொழில்களுக்குக் கூரை சோலார் நெட்வொர்க் கட்டணத்தில் பாதிக் குறைப்பும் அரசிடமிருந்து வந்தன. ஆணையத்தில் வருடக்கணக்கில் வாதாடினாலும் அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது.

ஆனால் கிடைத்ததைக் காப்பாற்றுவது எப்படி? என்னைப் பொறுத்தவரை மொத்தத் தேர்வும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. அரசு சலுகை தரும்போது ஆணையத்தின் உத்தரவில் உள்ள அசல் கட்டணம் அப்படியே இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-ன் 65-ஆவது பிரிவின்படி, அரசு யாருக்காவது கட்டணத்தைக் குறைக்க விரும்பினால் அந்தத் தொகையை முன்கூட்டியே விநியோக நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் நம் சலுகை பட்ஜெட்டில் ஒரு வரி. நிதி நெருக்கடி வந்தாலும், ஆட்சி மாறினாலும், அதிகாரி மாறினாலும் அந்த வரியை யாராவது போய்க் காத்து நிற்க வேண்டும். யார் சிறு தொழில் என்ற வரையறையும் அரசின் கையில்தான். கொஞ்சம் வளர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டினால் முழுக் கட்டணம் காத்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் சால்வை, பூங்கொத்து, மனு என்று அலைய ஒரு சிறு சங்கத்தால் முடியாது. சொந்தத் தொழிலை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் வருகிறோம்.

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வழக்கு நடத்தியவர்களின் அருகில் இருந்திருக்கிறேனே தவிர நேரடி அனுபவம் குறைவு. 2022 ஆகஸ்டில், ஆணையத்தில் சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருந்ததைக் காட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கட்டண உயர்வுக்கு எதிராக வாங்கிய தடை நிலைக்கவில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி புதிய கட்டணம் அமலாகிவிட்டது. மறுபக்கம், 2012 சோலார் கொள்கையை ஒட்டி, உயர் அழுத்த இணைப்புதாரர்கள் படிப்படியாக 6 சதவீதம் சோலார் மின்சாரம் வாங்கியே தீர வேண்டும் என்று வந்த உத்தரவை, 2014 தொடக்கத்தில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே போனது ஆணையத்தின் உத்தரவு மீதான மேல்முறையீடு. அதே மின்சாரச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி 45 நாளுக்குள் போகலாம். போகும்போது கையில் எதை எடுத்துப் போவோம்? ஆணையத்தில் ஏற்கெனவே எழுத்தில் வைத்ததைத்தான். அங்கே வாய் திறக்காதவருக்கு மேலே வாதாடப் பிடிமானம் குறைவு.

ஆக ஆணையத்துக்கு வருவோம். 64-ஆவது பிரிவின்படி, கட்டண மனு வந்தால் அதை வெளியிட வேண்டும். பொதுமக்கள் தரும் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகுதான் உத்தரவு போட முடியும். விதிமுறைகளைக்கூட முன்கூட்டி வெளியிடாமல் இறுதி செய்ய முடியாது. 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு நடந்தது. மேடையில் கிடைக்கும் சில நிமிடங்களைவிட எழுதிக் கொடுப்பதுதான் முக்கியம். ஆட்சேபம் என்ன, மின்வாரியத்தின் பதில் என்ன, ஆணையத்தின் கருத்து என்ன என்று உத்தரவிலேயே அச்சாகிறது. மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம்தான் அடுத்த முறைக்கு நமக்கு முதலீடு. ஏற்றுக்கொண்டாலோ, அது கட்டணமாகவே நிற்கும்; யாருடைய தயவும் வேண்டியதில்லை.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'தொழில் அழிகிறது, கட்டணத்தைக் குறையுங்கள்' என்ற கடிதத்துக்கு ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். கணக்காக எழுதினால் அப்படித் தள்ள முடியாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 100 கிலோவாட் போட்டவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,46,000 யூனிட். நெட்வொர்க் கட்டணத்தில் 10 பைசா கூடினாலே 14,600 ரூபாய். அதோடு, பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை தயாரான மின்சாரத்தில் எவ்வளவு ஆலைக்குள்ளேயே தீர்ந்தது, எவ்வளவு வெளியே கம்பிக்குப் போனது என்று மீட்டர் கணக்கைச் சேர்த்துவிட்டால் கேள்வி கூர்மையாகிவிடும்: வாரியத்தின் கம்பியைத் தொடாத யூனிட்டுக்கு எதற்குக் கம்பிக் கட்டணம்? இரவில் வாரியத்தை நம்பித்தானே இருக்கிறீர்கள், கம்பியைப் பராமரிக்கச் செலவாகாதா என்று மறுபக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் செலவு டிமாண்ட் கட்டணத்தில் (யூனிட்டுக்கு அல்லாமல், இணைப்பின் மின்திறனுக்காக மாதாமாதம் கட்டுவது) ஏற்கெனவே எவ்வளவு வசூலாகிறது என்பதையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. ஆணைய வாசல் எப்போதும் திறந்திருக்காது. 2022 உத்தரவு 2026–27 வரை ஐந்தாண்டுக்கானது. விலைவாசிக் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஜூலையில் ஏறும்படி அதிலேயே எழுதிவிட்டார்கள். அப்படித்தான் 2023-ல் 2.18 சதவீதமும் 2024-ல் 4.83 சதவீதமும் கூடியது. நடுவில் மூச்சு முட்டினால் அமைச்சரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை, நாங்களும் போவோம். காற்றாலைக்காரர்களுக்கும் இது சற்று மாறலாம். பேங்கிங்கில் தொகை பெரிது, வழக்குச் செலவைத் தாங்கும் வலுவும் அவர்களுக்கு உண்டு.

சிறு ஆலைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த ஐந்தாண்டுக் கட்டண மனு வரும்போது கணக்கு தேடினால் நேரம் போதாது. சோலார் உற்பத்தி மீட்டர், வாரிய மீட்டர் இரண்டின் அளவையும் இந்த மாதத்திலிருந்தே ஒரே தாளில் குறித்து, மாதாமாதம் உங்கள் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.