நாய்க்கான இலத்திரனியல் வேலி: பச்சை விளக்கை நம்ப வேண்டாம்

விசுவமடு, தருமபுரம் பகுதிகளில் நாய்களுக்கான இலத்திரனியல் வேலி போட்டுத் தருவதாகச் சொல்லி ஒருவர் வீடு வீடாக வருகிறார் என்றும், அதைப் போடலாமா என்றும் இம்மாதம் இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். கடந்த ஆவணிக் கடைசியில் எங்களுக்கு வேலி போட்டு, மொத்தமாக 68,500 ரூபாய் வாங்கியவரும் இதே விதமாகவே வந்தவர் என்பதால், நடந்ததை விளக்கமாக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ குறிப்பிடவில்லை.

எங்கள் வளவு ஓர் ஏக்கர். முன்பக்கம் முட்கம்பி, மற்ற மூன்று பக்கமும் பூவரசும் கிளுவையுமாகக் கதியால் வேலி. மீள்குடியேறி வந்த காலத்தில் மாடு உள்ளே வராமல் இருந்தால் போதும் என்று போட்ட வேலி அது; நாய் நினைத்தால் எந்தப் பொட்டுக்குள்ளாலும் போய்விடும். கறுவல், ஜிம்மி என்று இரண்டு நாய்கள் வளர்த்தோம். ஒழுங்கை முடிகிற இடத்தில் பரந்தன் - முல்லைத்தீவு வீதி. அதில் மணல் ஏற்றிய டிப்பர்கள் விடியப்புறத்திலும் ஓடும். பின்னால் வயற்கரை, அங்கே காட்டுப்பன்றிக்கு இரைக்குள் மறைத்து வெடி வைக்கிறார்கள், அந்த இரையைக் கவ்விய நாயொன்று தாடை சிதறித் திரும்பி வந்ததை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறோம். சுற்றிவரக் கம்பிவலை அடிக்க விலை கேட்டபோது தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. கட்டி வைத்தாலோ இரண்டும் விடியும்வரை ஊளையிட்டன. இந்த நிலையில்தான் அவர் படலையடிக்கு வந்து, "ரீச்சர், வெளிநாட்டில எல்லாம் இப்ப இதுதான். ரெண்டு நாளில நாய் தானாப் பழகிடும், எல்லையைத் தாண்டாது" என்றார். கனடாவில் இருக்கும் மகனிடம் கேட்டேன். அங்கே அப்படியொரு வேலி பாவனையில் இருப்பது உண்மைதான் என்றான். பொருள் உண்மையானது என்பதால் கொண்டுவந்தவரையும் நம்பினோம்.

இந்த முறை அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் வந்தது. வீட்டுக்குள் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதிலிருந்து புறப்படும் உறையிட்ட மெல்லிய கம்பி, வளவின் எல்லையைச் சுற்றி, எங்கும் அறாமல், மீண்டும் அதே பெட்டிக்கு வந்து சேர வேண்டும். கம்பியில் ஓடுவது வலுக்குறைந்த வானொலிச் சமிக்ஞை மட்டுமே. அதைத் தொட்டால் எவருக்கும் ஒன்றும் ஆகாது. நாயின் கழுத்துப் பட்டியிலுள்ள கருவி அந்தச் சமிக்ஞையை உணர்ந்து முதலில் ஒலி எழுப்பும். நாய் மேலும் நெருங்கினால், பட்டியின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளால் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும். ஒலி கேட்டவுடன் திரும்ப வேண்டும் என்று நாய் பழகியிருந்தால்தான் இது வேலியாகும். அதற்கு எல்லை நெடுகச் சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்தபடி, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு மூன்று வாரமாவது பழக்க வேண்டும். இவ்வளவையும், மகன் பிறகு தேடி அனுப்பிய கையேட்டை வாசித்துத்தான் அறிந்தேன். வேலி போட்டவர் எங்களுக்குக் கொடியும் தரவில்லை, கையேடும் தரவில்லை.

வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. சில அங்குல ஆழத்தில் கீறிப் புதைக்க வேண்டிய கம்பியை, "இந்த மண்ணைக் கிண்டப் பயம் ரீச்சர், என்ன கிடக்குதோ தெரியாது" என்று சொல்லி, சருகுக்குக் கீழே அப்படியே போட்டார்கள். கண்ணிவெடி அகற்றிய பின் கையளிக்கப்பட்ட காணி அது. நாங்களே அதில் 40 தென்னங்கன்றுகளுக்குக் கிடங்கு வெட்டியிருக்கிறோம். ஆனாலும் வன்னியில் இருப்பவர்கள் அந்தச் சொல்லுக்கு எதிராக வாதாடுவதில்லை, நானும் வாதாடவில்லை. கூலியை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பயத்தை அவர் எடுத்துப் பயன்படுத்தியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெட்டியிலிருந்து எல்லை வரை செல்லும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோக வேண்டும். அப்படி முறுக்கினால்தான் அந்த இடத்தில் சமிக்ஞை ஒன்றையொன்று அழித்து, நாய்க்கு அதிர்ச்சி கொடுக்காமல் இருக்கும். முறுக்கினால் கம்பி கூடுதலாகச் செலவாகும் என்பதாலோ என்னவோ, அவர் இரண்டையும் தனித்தனியாகக் குசினிச் சுவரோரமாக இழுத்துவிட்டார். மறுநாள் சோறு வைக்கக் கூப்பிட்டபோது ஓடிவந்த ஜிம்மி, குசினிப் படியில் முன்காலை வைத்ததும் வீரிட்டுக் கத்திக்கொண்டு பின்னால் விழுந்தது. நான் காரணம் அறியாமல் மூன்று நாள் அதே படியில் நின்று அதை அன்பாகக் கூப்பிட்டேன். தொலைபேசியில் கேட்டபோது, நாய் பழகுகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்.

இரண்டு வாரத்தில் ஜிம்மி கழுத்தை ஓயாமல் சொறியத் தொடங்கியது. பட்டியைக் கழற்றி மயிரை விலக்கிப் பார்த்தேன். உலோக முனைகள் அழுத்திய இரண்டு இடங்களிலும் புளியங்கொட்டை அளவில் தோல் கறுத்து, நடுவில் சீழ் வைத்திருந்தது. பட்டியை இரவு பகலாகக் கழற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்றும், ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் போடக் கூடாது என்றும், முனைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கே இறுக்க வேண்டும் என்றும் கால்நடை வைத்தியர் விளக்கினார். விற்றவரோ, "கழட்டவே வேண்டாம், மழைக்கும் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இத்தகைய மின்னதிர்ச்சிப் பட்டிகளை வேல்ஸ் நாடு 2010இல் சட்டம் போட்டே தடைசெய்தது என்பதைப் பிறகு அறிந்தபோது, ஜிம்மியின் கழுத்துத்தான் என் கண்முன் வந்தது.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தோட்டத்தில் புல் செருக்கியபோது மண்வெட்டி பட்டுக் கம்பி அறுந்தது. பெட்டி விடாமல் கத்தத் தொடங்கியது. அறுந்த இடத்தைக் காட்டுவதற்காகக் கணவர் கம்பியைத் தேடிக்கொண்டு போனபோது வேறொரு பொருத்தையும் கண்டார்: வெறுமனே கையால் முறுக்கிக் கறுத்த ரேப் சுற்றியிருந்த அந்தப் பொருத்துக்குள் தண்ணீர் போய், செம்பு பச்சைபிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அழைத்து நான்காம் நாள் வந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார். கத்தல் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. மிச்சமாக வைத்திருந்த 18,500 ரூபாயையும் அன்றுதான் கொடுத்தோம்.

கார்த்திகை இரண்டாவது வாரம், விடியப்புறம், கறுவல் கழுத்துப் பட்டியோடு வீதிக்கரையில் செத்துக் கிடந்தது. டிப்பர் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதைத் தூக்கிவந்து தென்னையடியில் கிடத்திவிட்டு உள்ளே வந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வயரிங் வேலை செய்யும் என் தங்கையின் மகன் அன்று பின்னேரம் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான். எல்லைக் கம்பியின் இரண்டு முனைகளும் பொருத்த வேண்டிய இரண்டு ஆணிகளுக்கும் இடையில், விரல் நீளச் சிவப்பு வயர்த் துண்டொன்று இருந்தது. எல்லைக் கம்பியின் முனைகள் உறைகூட உரிக்கப்படாமல் பக்கத்தில் வெறுமனே செருகப்பட்டிருந்தன. சமிக்ஞை அந்த விரல் நீளத் துண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததால், வட்டம் முழுமையாக இருக்கிறது என்று பெட்டி எடுத்துக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேலாக எங்கள் வளவைச் சுற்றி வேலி என்று ஒன்றும் இருக்கவில்லை.

கேட்கப் போன என் கணவரிடம் வேலி போட்டவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். "அண்ணை, வெறுங்கம்பி இழுத்து இரவில லைன் கறண்டைக் குடுத்துவிடுங்கோ, நாயும் போகாது பன்றியும் வராது" என்றாராம். தயவுசெய்து எவரும் இதைச் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வேலியில் கொடுப்பது சட்டவிரோதம். அதில் மனிதர் அகப்பட்டால் உயிர் போகும். யானை வேலியில் ஓடுவது அதற்கென்றே செய்யப்பட்ட கருவியிலிருந்து ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு தடவை, மிகச் சொற்ப நேரத்துக்கு வரும் துடிப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறக் கூடாது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பட்டியைக் கையில் எடுத்து, நாயின் கழுத்து உயரத்தில் பிடித்தபடி, வளவின் எல்லா மூலைகளுக்கும் நடந்து பாருங்கள். முனைகளில் வைத்துப் பார்க்கும் சிறு சோதனைக் குமிழ் அநேகமான பெட்டிகளோடு வரும்; வரவில்லை என்று சொன்னால் கேட்டு வாங்குங்கள், வெறும் விரலால் முனைகளைத் தொட வேண்டாம். முட்கம்பிக்குப் பக்கத்தில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் ஒட்டிப் போகும் இரும்புக் கம்பியும் சமிக்ஞையைக் காவிச் சென்று எதிர்பாராத இடத்தில் அதிர்ச்சி கொடுக்கலாம். பிறகு எல்லைக் கம்பியின் ஒரு முனையை வேண்டுமென்றே கழற்றுங்கள். பெட்டி கத்தாவிட்டால் பின்பக்கத்தைப் பாருங்கள். இனிமேல் போட நினைப்பவர்கள் இந்தச் சோதனைகள் முடியும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். மின்சாரம் நின்றால் என்ன செய்யும், ஐப்பசி இடிமின்னலுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பிறத்தியார் நாயையோ பன்றியையோ இந்த வேலி மறிக்காது.

எங்களிடம் இருந்த பற்றுச்சீட்டு, கொப்பித் தாளில் எழுதிய துண்டு. அதில் கடையின் பெயரும் இல்லை, கையொப்பமும் தெளிவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டபோது எங்களுக்கு இன்னும் 9 நாள்கள் இருந்தன. கடிதத்தோடு அந்தச் சிவப்பு வயர்த் துண்டின் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

பின்பக்கத்துக்கு மட்டும் இப்போது கம்பிவலை அடித்திருக்கிறோம், மற்றப் பக்கங்களைக் காசு சேரச் சேர அடிக்க வேண்டும். ஜிம்மியின் புண் ஆறிவிட்டது. ஆனால் குசினிப் படியில் இன்னும் கால் வைப்பதில்லை. அதன் சோற்றை மாமரத்தடிக்குக் கொண்டுபோய் வைக்கிறேன்.