பெயர் இல்லாத நீல டிரம் செட்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டின் பின்னர்

திருகோணமலை உவர்மலையில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் 2019 டிசம்பரில் 18,000 ரூபா கொடுத்து இந்த டிரம் செட்டை வாங்கினேன். காலால் மிதித்து அடிக்கும் 20 அங்குலப் பேஸ் டிரம், அதன் மேல் மாட்டும் 12 அங்குல டொம், தரையில் நிற்கும் 14 அங்குல ஃப்ளோர் டொம், அதே நிறத்தில் அடியில் கம்பிகள் அதிரும் 14 அங்குல மரத்தாலான ஸ்நேயர் என நான்கு உருப்படிகள், பின்விறாந்தையில் சாக்கு மூடிக் கிடந்தன. எதிலும் பெயர்த் தகடு இல்லை. "தம்பி, இது வெள்ளைக்காரன்ட நேவி பேண்ட் சாமான், விலை குறைக்கேலாது" என்றார் அவர். இந்த ஊரில் பழைய இரும்புப் பெட்டி, தொலைநோக்கி, கட்டில் எதைக் கண்டாலும் கடற்படைத் தளத்தோடு முடிச்சுப் போடுவது வழக்கம் என்பதால் அக்கதையை நான் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

கதையை முதலில் மறுத்தது அளவுநாடாதான். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இங்கு வந்த ஆங்கிலேய டிரம் என்றால் பெரும்பாலும் பிரீமியர் நிறுவனத்தினுடையதாக இருக்கும் என்று எண்ணலாம். ஆனால் 1960களின் பிற்பகுதி வரை அந்நிறுவனம் செய்த கூடுகள், அதாவது டிரம்மின் உருளை உடல்கள், இன்றைய பொது அளவைவிடச் சற்றே பெரியவை. இன்று கடையில் வாங்கும் 14 அங்குலத் தோல் அவற்றில் ஒழுங்காக அமராது. என் ஃப்ளோர் டொமில் அது எந்தத் தடையுமின்றி அமர்ந்தது. மேலும், பிரீமியர் கூடுகள் வெளிறிய பேர்ச் மரத்தாலானவை. இதன் உட்புறமோ செம்பழுப்பு நிறமும் நுண்துளைகளும் கொண்ட லுவான் மரம். பிலிப்பீன்ஸ் பக்கத்திலிருந்து மலிவாகக் கிடைத்த இந்த மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகையை வளைத்து, அது வலுவிழக்காதிருக்க மேலும் கீழும் உள்வளையம் ஒட்டுவதே 1960களின் ஜப்பானியத் தொழிற்சாலைகளின் முறையாக இருந்தது.

பழைய டிரம்மை அடையாளம் காண விரும்புபவர்கள் வெளித்தோற்றத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. தோலை இறுக்கும் திருகாணிகளைப் பிடித்திருக்கும் லக்குகளின் வடிவம் ஏமாற்றும். அமெரிக்க நிறுவனங்களின் வடிவங்களை ஜப்பானியர் தாராளமாகப் பின்பற்றினார்கள். தோலை வைத்தும் காலத்தைச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தோல் 1957 அளவில்தான் சந்தைக்கு வந்தது என்றாலும், அதற்கு முந்தைய டிரம்மிலும் யாராவது பின்னாளில் அதைப் பூட்டியிருப்பார்கள். லக்குகளைக் கழற்றிப் பார்ப்பதுதான் பயன் தரும். என் செட் எல்லோர் கண்ணுக்கும் பாசிப் பச்சையாகத் தெரிந்தது. முதல் லக்கைக் கழற்றியதும் அதன் அடியில் பளிச்சென்ற மினுக்க நீலம் இருந்தது. கூட்டைப் போர்த்திய பிளாஸ்டிக் மேலுறையின் தெளிவான மேற்படலம் ஆண்டுக்கணக்கில் மஞ்சளாக, அடியிலிருந்த நீலம் பச்சையாகத் தோன்றியிருக்கிறது. பெயர்த் தகடு ஒன்று எப்போதாவது இருந்து பின்னர் பிடுங்கப்பட்டிருந்தால், தகடு வழக்கமாகப் பூட்டப்படும் காற்றுத் துளையைச் சுற்றி அத்தகட்டின் வடிவிலேயே நீலம் எஞ்சியிருக்க வேண்டும். துளையின் சிறு உலோக வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். அதன் அகலத்துக்கு மட்டுமே நீல வட்டம் இருந்தது. இந்தச் செட்டின் பெயர் தொலைந்து போகவில்லை; தொடக்கத்திலேயே பெயரின்றித்தான் அது தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருக்கிறது.

அது அக்காலத்தில் அதிசயமுமல்ல. 1946இல் தொடங்கிய பேர்ள், பின்னர் 1974இல் டாமா என்ற பெயரைச் சூடிக்கொண்ட ஸ்டார் முதலிய ஜப்பானியத் தயாரிப்பாளர்கள், வாங்கும் வியாபாரி கேட்கும் பெயரைப் பொறித்தோ பொறிக்காமலோ ஏற்றுமதி செய்தார்கள். 1964 பெப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதன் பின்னர் மலிவான டிரம்முக்கு எழுந்த கிராக்கி அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இது 1960களின் பிற்பாதியில் வந்திறங்கியிருக்கும் என்பது என் தீர்ப்பு. பைலாக் கச்சேரிகள் செழித்திருந்த காலம் அது. கடற்படையைவிட அந்தக் கதை இதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததால் திருத்த வேலைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. கூடுகளில் பெரிய குறைகள் இரண்டு. டொமின் உள்வளையம் பாதிச் சுற்றளவுக்குப் பசை விட்டிருந்தது. பேஸ் டிரம் வட்டம் கெட்டிருந்தது, குறுக்கும் நெடுக்கும் அளந்தபோது 6 மில்லிமீற்றர் வித்தியாசம் காட்டியது. பசை வேலையை நான் வேண்டுமென்றே கச்சான் காற்று எழும் வரை தள்ளிப்போட்டேன். வாடைக் காலத்தில் ஈரம் குடித்துப் பருத்திருக்கும் மரத்தை ஒட்டினால், வறண்ட கச்சானில் அது சுருங்கும்போது ஒட்டு மறுபடியும் பிளக்கும் என்று என் அயலில் இருக்கும் தச்சு பாஸ் எச்சரித்திருந்தார். ஜூன் மாதத்தில் பழைய பசையைச் சுரண்டி, வெள்ளைப் பசை தடவி, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வெளியே சுற்றி, உள்ளே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து இரண்டு நாள் விட்டோம். பேஸ் டிரம்மின் வட்டம் முழுமையாகத் திரும்பவில்லை; இன்றும் 2 மில்லிமீற்றர் வித்தியாசம் உண்டு, அதனால் சத்தத்தில் கேடில்லை.

தோல் அமரும் விளிம்பில்தான் இத்தகைய செட் பிழைக்கும் அல்லது சாகும். தடித்த கண்ணாடிப் பலகையில் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே டோர்ச் ஒன்றை எரியவிட்டு, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிச்சம் கசியும். அதே கண்ணாடியில் 120ஆம் இலக்க மணல்தாளை ஒட்டி, கூட்டைச் சுழற்றிச் சுழற்றி, வெளிச்சம் கசிவது நிற்கும்வரை தேய்த்தோம். பின்னர் விளிம்பின் பழைய வளைவைக் கையாலேயே மீட்டு, மெழுகுதிரியைத் தேய்த்து மூடினோம். இயந்திரத்தில் கொடுத்து இன்றைய டிரம்களைப் போலக் கூரான விளிம்பு வெட்டச் சொன்ன நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை. அந்த மழுங்கிய வளைவே இதன் குரல்.

உலோக வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். குரோம் மீதிருந்த கறளை, தேசிக்காய்ச் சாறு தொட்ட அலுமினியத் தாளால் தேய்த்தே பெரும்பகுதி அகற்றினேன். குரோம் உரிந்துபோன இடங்கள் உரிந்தபடியே இருக்கின்றன. இழுவைத் திருகாணிகளில் மட்டும் அவதானம் வேண்டும். இதில் இருப்பது அமெரிக்கப் பொது அளவான அங்குலத்துக்கு 24 புரி, ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர் தடிப்பு. முன்னர் யாரோ ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த 6 மில்லிமீற்றர் திருகாணியை வலிந்து ஏற்றியதில் இரண்டு லக்குகளின் உள்நட்டுகள் புரி கெட்டிருந்தன. லேத் பட்டறையில் பித்தளையில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். லக்குக்குள் இருக்கும் சிறு சுருள்வில் ஒவ்வொரு அடிக்கும் ரீங்கரிக்கும் என்பதால் அதற்குள் பஞ்சுத் துண்டு வைத்தேன்.

மேலுறையை மாற்றவில்லை. பழைய மேலுறைகளில் சில செலுலாய்டு வகையைச் சேர்ந்தவை, எளிதில் தீப்பற்றுபவை; ஆகவே சூடு காட்டி உரிக்க முற்படுவது ஆபத்து. பச்சையாகிப்போன நீலம் எனக்குப் பிடித்தும் விட்டது.

2020 ஒக்ரோபரிலிருந்து இதனைத் தேவாலயப் பாடற்குழுவிலும், சிறிய திருமண வைபவங்களிலும், வீட்டுப் பயிற்சியிலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஃப்ளோர் டொமைத் தளர்வாகச் சுருதி கூட்டினால் வரும் குறுகிய, கனிந்த தொனி, நான் வாசித்த புதிய மலிவுச் செட்களில் ஒன்றிலும் இல்லை. டொம் நல்லது. ஸ்நேயர் சுமார், கம்பிகளை மாற்றியும் மெல்லிய தட்டுக்கு அது தெளிவாகப் பதில் சொல்வதில்லை, ஆதலால் வெளியே போகும்போது வேறு ஸ்நேயர் கொண்டுபோகிறேன். திறந்தவெளி மேடையில் ஒலிவாங்கி இல்லாவிட்டால் செட் முழுவதுமே அடங்கிவிடும். பேஸ் டிரம்மின் மெலிந்த முன்கால்கள் வழுக்குவதால் தரையில் பழைய கம்பளம் விரிக்காமல் வாசிப்பதில்லை. டொமைத் தாங்கும் கம்பி கனமான கைக்குத் தாழ்ந்து கொடுக்கும். அதற்காகக் கூட்டில் புதிய துளை போடாமல் தனித் தாங்கியில் மாட்டியிருக்கிறேன்.

வாடை மாதங்களில் மரம் பருத்துச் சுருதி ஏறுவதால் வாரம் ஒருமுறை தளர்த்த வேண்டியிருக்கிறது. டச்சுக் குடாவிலிருந்து வரும் உப்புக் காற்றுக்கு வளையங்கள் மூன்று மாதத்தில் கறள் பிடிக்கும்; தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தாங்குகிறது. 2022இல் ரூபா சரிந்தபோது கொழும்பிலிருந்து தோல் எடுப்பிப்பதே பெரும்பாடாகி, பேஸ் டிரம்மின் கிழிந்த முன்தோலை அடியில் ஒட்டுப் போட்டு ஓராண்டு ஓட்டினேன். தோல், நட்டு, கம்பி, பசை என்று இதுவரை நான் செலவிட்டது வாங்கிய விலையின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. விற்கும் எண்ணத்தோடு ஒருவர் இந்த வேலையில் இறங்கினால் நட்டமே மிஞ்சும்.

சென்ற மழையில் ஃப்ளோர் டொம் மேலுறையின் மூட்டு இரண்டு விரல் அகலத்துக்குக் கிளம்பியிருக்கிறது. இப்போதைக்கு ஒட்டுநாடா போட்டு வைத்திருக்கிறேன். கச்சான் தொடங்கியதும் பாஸ் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.