வேஃபர் ஃபேபா, பேக்கேஜிங் ஆலையா? செட்டிநாட்டு டிப்ளமோ மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கம் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், ஈசிஇ டிப்ளமோ முடிக்கும் பிள்ளைகளிடம் ‘செமிகண்டக்டர் டெக்னீஷியன்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகளைச் சொல்கிறார்கள். வேஃபர் என்னும் மெல்லிய வட்டச் சிலிக்கான் தகட்டின் மேல் சில்லை (சிப்) உருவாக்குவது ஃபேப். குஜராத்தின் தொலேராவில் அறிவிக்கப்பட்டது இந்த வகை. உருவான வேஃபரை அறுத்து, கம்பி இணைத்து, மூடி, சோதித்து அனுப்புவது பேக்கேஜிங் ஆலை. குஜராத்தின் சானந்தும் அசாமின் ஜாகிரோடும் இந்த வகை. பதவியின் பெயர் ஒன்றுதான். கையில் ஏறும் தொழில் வேறு.

ஃபேபில் முதல் எதிரி தூசி. ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: கல்லை வார்க்கும் கண்ணாடியில் ஒட்டிய துகள் கல்லின் முகத்தில் பதிந்துவிடும். ஐஎஸ்ஓ 5 என்னும் தூய்மை வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. அதனால் திருநீறு, குங்குமம், பவுடர் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். 300 மி.மீ. வேஃபர்கள் 25 அடங்கும் பெட்டியைக் கூரைத் தடத்தில் ஓடும் வண்டியே கொண்டுவந்து வைக்கும். டெக்னீஷியனுக்கு வேலை இயந்திரத்தின் வயிற்றுக்குள்.

பிளாஸ்மா எட்ச் சேம்பரை, அதாவது மின்னூட்டிய வாயுவால் வேஃபரை அரித்து வடிவம் செதுக்கும் வெற்றிட அறையை, சுத்தம் செய்வதைப் பாருங்கள். நைட்ரஜனை நிரப்பி இழுத்து, மீண்டும் நிரப்பி இழுத்து, மிச்சமுள்ள வாயுவை வெளியேற்ற வேண்டும். மின்சாரம், வாயு, ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சக்தி) மூன்றையும் பூட்டி அட்டை மாட்டிய பிறகே மூடியைத் திறப்பது. தேய்ந்த பாகங்களை மாற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து, புது ஓ-ரிங் (காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டு மூடுகிறார்கள். பிறகு பம்ப் ஓட்டி, வால்வை அடைத்து, அழுத்தம் ஏறும் வேகத்தை அளக்கிறார்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அழுத்தம் ஏறினாலே கசிவு என்று சொல்லிவிட முடியாது. சுவரில் தங்கிய ஈரம் ஆவியானாலும் ஏறும். ஆனால் நேரம் போகப்போக அந்த ஏற்றம் தணியும். கசிவு ஒரே சீராக ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது இணைப்புகளைச் சுற்றி ஹீலியம் விட்டுத் தேட வேண்டும். ஓ-ரிங்கில் கிடந்த ஒரு தலைமுடி போதும், முழு ஷிஃப்டும் வீணாக. கசிவு இல்லையென்றாலும் சில சோதனை வேஃபர்களை ஓட்டித் துகள் எண்ணிக்கை பார்த்தபின்தான் இயந்திரத்தை உற்பத்திக்கு விடுவார்கள்.

ஃபேபில் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்த்த அமிலம் பட்டவுடன் வலிக்காமல் போகலாம். ஆனால் அது தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுகோனேட் களிம்பு தடவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பேக்கேஜிங்கில் பிழை மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியும். ஒயர் பாண்டர் சுமார் 25 மைக்ரான் தடிமனுள்ள தங்க அல்லது செப்புக் கம்பியின் நுனியை உருண்டையாக உருக்கி, சில்லின் மேலுள்ள உலோகத் திட்டான பேடில் ஒட்டுகிறது. உருண்டை ஒட்டவில்லையா? முதலில் லீட்ஃபிரேமை (சில்லைத் தாங்கும் உலோகச் சட்டம்) பிடிக்கும் கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள். அடுத்து கம்பி நுழைந்து வரும் கேப்பிலரி ஊசியின் நுனித் தேய்மானம், பேடின் அழுக்கு, ஹீட்டரின் சூடு. அல்ட்ராசானிக் பவரைக் கூட்டுவது கடைசி வழி. அவசரத்தில் அதை முதலில் கூட்டினால் உருண்டை ஒட்டிவிடும், ஆனால் பேடுக்கு அடியில் சிலிக்கான் விரிசல் விடும். அந்தச் சில்லு சோதனையில் தேறி, வாடிக்கையாளரிடம் போய்ச் செத்துவிடும். செப்புக் கம்பி என்றால் நைட்ரஜன் 95, ஹைட்ரஜன் 5 சதவீதக் கலவை வாயு தடையின்றி வர வேண்டும். வராவிட்டால் உருண்டை ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வடிவம் கெடும்.

சில்லைப் பிசினால் மூடும் மோல்டிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு, குளிரறையிலிருந்து எடுத்த காம்பவுண்டை (அந்தப் பிசின் கலவையை) அறை வெப்பநிலைக்கு வருமுன் பிரிப்பது. மேலே ஈரம் படியும். சுமார் 175 டிகிரியில் அது ஆவியாகிக் குமிழி விழும்.

காரைக்குடியில் 1953-லிருந்து மின்வேதியியல் ஆய்வு நிலையமான செக்ரி இயங்குகிறது. மின்முலாம் பூசும் தொட்டியின் வேதியியலை அங்கோ கல்லூரியிலோ கற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் மதிப்புண்டு: ஃபேபில் செப்புத் தடங்கள், பேக்கேஜிங்கில் லீட்ஃபிரேம் முலாம்.

வெளிநாடு போவதென்றால், நம் முன்னோர் கிட்டங்கி (வணிகக் கிடங்கு) வைத்திருந்த ஊர்களே மறுபடி வருகின்றன. பினாங்கில் 1972-லிருந்து இன்டெலின் அசெம்பிளி ஆலை, சிங்கப்பூரில் ஃபேப்கள்.

இரண்டும் கிடைத்தால் ஃபேபையே எடுங்கள் என்போம். வெற்றிடம், ஆர்எஃப், வாயுக் குழாய் மூன்றும் கைவந்தால் சோலார், டிஸ்ப்ளே, கருவி சர்வீஸ் என்று எங்கும் போகலாம். மெக்கானிக்கலில் கை ஓடுகிறவர்களுக்கு பேக்கேஜிங்கில் சீக்கிரம் முன்னேற்றம். ஒரே வருடத்தில் பல இயந்திரங்கள் பழகிவிடும். பல ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் மாறிவரும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நேர்காணலில் ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: “இயந்திரம் நின்றால் நான் திறந்து சரிசெய்வேனா, வேறு ஆளைக் கூப்பிடுவேனா?” கூப்பிடுவீர்கள் என்று பதில் வந்தால் அது ஆபரேட்டர் வேலை, பதவிக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும்.