போர்வெல் நீர்மட்டம் அளக்கும் டேப்: 14 மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர். தக்காளி, சாமந்தி, வரப்போரம் தென்னை. ஒரு பழைய கிணறு, ஒரு போர். போன வருடம் ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள், அக்கம்பக்கத்தில் எட்டு வீடு சேர்ந்து வீட்டுக்கு இரண்டாயிரம் போட்டு, சேலத்தில் ஒரு கடையில் இந்த டேப்பை வாங்கினோம். 150 மீட்டர் நீளம், பதினாறாயிரம் ரூபாய்.

வாங்க வைத்தது அதற்கு முந்தின கோடை. பக்கத்துத் தோட்டத்து மாமா புதுசாக போர் போட்டார். ராத்திரி முழுக்க லாரி ஓடியது. 850 அடி வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. விடியற்காலையில் லாரி கிளம்பிப் போனதும் அத்தை கல்லின் மேல் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "என் போர் 650 அடி, உன் போர் 700 அடி" என்று எல்லாரும் பேசுகிறோம். அது குழியின் ஆழம். அதற்குள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கருவி சாதாரணமானதுதான். ராட்டை மாதிரி ஒரு சுருளில் மீட்டர் கணக்கு அச்சடித்த நாடா. அதன் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கம்பி ஓடுகிறது, நுனியில் விரல் அளவு உலோகக் குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி சுருளில் விளக்கு எரியும், 'பீப்' என்று கத்தும். அந்த இடத்தில் நாடாவைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துப் படிக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும், 14 மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் மாற்றினோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கேசிங் குழாயின் (போரின் மேல்பகுதி இடிந்து விழாமல் இருக்க இறக்கும் குழாய்) உள்சுவரில் ஈரம் கசிந்திருந்தால் குண்டு அதில் பட்டு, தண்ணீர் வருவதற்கு முன்பே கத்திவிடும். உணர்திறனைக் குறைக்கும் திருகு இருக்கிறது, ஆனால் பழக ஒரு மாதம் ஆனது. சத்தம் வந்ததும் ஒரு முழம் மேலே இழுத்து மறுபடி இறக்கிப் பார்ப்பேன். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால்தான் எழுதுவேன். இரண்டாவது, மோட்டார் ஒயரும் நைலான் கயிறும் தொங்கும் போருக்குள் நாடா சுற்றிக்கொள்ளும். ஒரு நாள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நெஞ்சு படபடத்துவிட்டது. அப்புறம் மோட்டாரைக் கழற்றிய சமயம் பார்த்து, அளப்பதற்கென்றே ஒரு இஞ்ச் பிவிசி குழாயைத் தனியாக இறக்கிவிட்டோம். உங்களால் முடிந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும்தான். அடிக்கணக்கும் கிடையாது, மீட்டரை 3.28 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். திறந்த கிணறு மட்டும் இருப்பவர்களுக்கு இது வேண்டியதில்லை, கயிறும் கல்லும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால் எட்டுப் போரையும் அளக்கிறோம். முதல் நாள் சாயங்காலத்தோடு மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இறங்கிய மட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். நாங்கள் கேசிங் வாயிலிருந்து அளப்போம். என் கேசிங் தரைக்கு மேல் 45 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. டேப்பில் 58.20 என்றால் தரையிலிருந்து 57.75. முதல் இரண்டு மாதம் இதைக் கழிக்காமலேயே எழுதி, பிறகு நோட்டு முழுவதையும் திருத்தினேன்.

இந்த டேப் எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததில் பெரியது இதுதான். எங்கள் பக்கம் அடியில் கெட்டிப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். தை மாதம் ஒரு நாள் என் மோட்டார் ஓடாமல் இருக்கும்போதே மட்டம் இறங்குவதைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 58.20 இலிருந்து 63.70. பதினெட்டு அடி! எட்டிப் பார்த்தால் மாமா தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது.

"மாமா, கொஞ்ச நேரம் நிறுத்துங்க, ஒண்ணு பார்க்கணும்" என்றேன்.

நிறுத்தினார். நீர்மட்டம் மெல்ல ஏறியது. நாடாவை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். இரண்டு போருக்கும் ஒரே வெடிப்பு. மும்முனை கரண்ட் வந்ததும் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டு, ஒருவர் தண்ணீரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். "இத்தனை வருஷமா ஒரே சொம்புல ரெண்டு பேரும் குடிச்சிருக்கோம்மா" என்றார். இப்போது ஒரு நாள் அவர், ஒரு நாள் நான்.

கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி செல்போனில் ஒரே தாளில் போடலாம் என்றபோது மூன்று வீட்டார் தயங்கினார்கள். தண்ணீர் ஆழத்தில் இருப்பது வெளியே தெரிந்தால் நிலத்துக்கு விலை போகாது, நாளைக்கு போருக்கு மீட்டர் மாட்டினால் என்ன செய்வது என்றார்கள். அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பெயர், சர்வே எண் எதுவும் போடாமல் போ-1, போ-2 என்று குறிப்பதாக முடிவு செய்தோம். பிறகு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து அந்தத் தாளைக் கேட்டார். மோட்டார் நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆனது, போரில் கேசிங் எதுவரை, அந்த வாரம் மழை எவ்வளவு என்று அவர் கேட்ட பிறகுதான், வெறும் ஆழத்தை எழுதினால் பாதிக் கணக்குதான் என்று புரிந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கண்டுபிடிப்பதை எங்களுக்குத் தமிழில் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, எட்டு வீட்டுச் சம்மதத்தோடு கொடுத்தோம்.

அவர்தான் இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ் என்ற, நாட்டின் நீர்வளக் கணக்குகள் இருக்கும் அரசு இணையதளத்தையும் காட்டினார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நாலு தடவை கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுக்கலாம். அங்கே உள்ள எண்ணையும் நம் எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது. அது ஆழம் குறைந்த கிணறாக இருக்கலாம், நம்முடையது ஆழத்து வெடிப்பு. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைத்தான் பார்க்க வேண்டும். குறுவட்டக் கணக்கும் உண்டு. வருடத்தில் எடுக்கத் தகுந்த நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு என்று பிரிக்கிறார்கள். ஆனால் குறுவட்டம் என்பது பல ஊர். என் போரும் மாமா போரும் ஒரே வெடிப்பில் இருப்பது அதில் தெரியாது. அதற்கு இந்த நாடாவை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், இது ஆழத்தை மட்டுமே சொல்லும். தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரில் ஃப்ளூரைடு பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்தது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் அதைத் தனியாகப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

விலை கொஞ்சம் அதிகம்தான். ஒரு வீடாக வாங்காதீர்கள், நாலைந்து வீடு சேருங்கள். 100 மீட்டர் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கவும் வேண்டாம், அது 328 அடியோடு நின்றுவிடும். எங்கள் போ-6 கோடையில் 112 மீட்டருக்குப் போனது.

புரட்டாசி மழைக்குப் பிறகு போன ஞாயிறு அளந்ததில் மாமா போர் மூன்று மீட்டர் ஏறியிருக்கிறது. இன்னொரு போர் போடலாமா என்று சித்திரையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். தை மாத அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.