1.48 லட்சம் கிலோமீட்டர் ஓடுன டீசல் ஸ்விஃப்ட் வாங்கி மூணு வருஷம்: உள்ளத உள்ளபடி எழுதுறேன்

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ, டிஎன் 75 நம்பர் (நம்ம கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டம்), 2022 ஆவணில 2,85,000 ரூபாய்க்கு வாங்குனது. அப்பம் மீட்டர்ல 1,48,000 சொச்சம், இப்பம் 1,93,000 தாண்டியாச்சு. "இவ்வளவு ஓடுன வண்டிய எவனாவது பைசா குடுத்து வாங்குவானா"ன்னு வீட்டுல ஆரம்பிச்சு கருங்கல் ஊர் டீக்கடை வரைக்கும் கேக்காத ஆளில்ல. இப்பம் அதே ஆளுக பழைய வண்டி எடுக்கணும்னா எனக்குத்தான் போன் பண்ணுதாவ, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்கு, அதான் மொத்தமா ஒரு தடவ எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்தேன்.

எஞ்சின் 1,248 சிசி, 75 குதிரை சக்தி, ஃபியட் டிசைன், மாருதி லைசென்ஸ் வாங்கி இங்கயே செஞ்சது. ரிட்ஸ், டிசையர், டாடா விஸ்டா, புன்டோன்னு ஊர்பட்ட வண்டில இதே எஞ்சின்தான், தேசிய எஞ்சின்னு கிண்டல் பண்ணுவாவளே அதேதான். அதுல நமக்கு லாபம் என்னன்னா எந்த முக்குல நின்னாலும் இத பிரிச்சு மேஞ்ச ஒரு மெக்கானிக் கிடைப்பான். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்ததோட மாருதி டீசல விட்டாச்சு, ஆனா பார்ட்ஸுக்கு இதுவரைக்கும் நான் மார்த்தாண்டம் தாண்டுனதில்ல.

இத எடுக்குறதுக்கு முன்ன மூணு வண்டி பாத்து விட்டேன். ஒண்ணு கேஎல் 20, நெய்யாற்றின்கரை வண்டி, விலை நல்ல கம்மி, ஆனா அங்க ஆர்டிஓல என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு சீட்டு) வாங்கி இங்க டாக்ஸ் கட்டி நம்பர் மாத்துற அலைச்சல கணக்குப் போட்டா அந்தக் கம்மி எல்லாம் களியக்காவிளை பார்டர் தாண்டுறதுக்குள்ள கரைஞ்சிரும். இன்னொண்ணு டெல்லி வண்டி, அப்பம் அங்க பத்து வருஷம் ஆன டீசல் ஓட்டப்படாதுன்னு இருந்ததால இந்தப் பக்கம் தள்ளி விட்டாவ, யாரு எப்படி ஓட்டுனான்னு ஒரு விவரமும் தெரியாது, வேண்டாம்னுட்டேன். மூணாவது ரோட்டோரம் வரிசையா நிறுத்தி விக்கிற ஒரு கடை, பேரு வேண்டாம், பானெட்ட தொறந்தா எஞ்சின் கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னுது. எனக்கு மனசு விழுந்துருச்சு. கூட வந்த ஒர்க்‌ஷாப் ஆசான் என் காதுல சொன்னாரு, "மக்கா, பதினோரு வருஷம் பக்கம் ஓடுன எஞ்சினுக்கு எதுக்குவே இந்த மினுக்கு? எங்க ஆயில் கசியுதுன்னு அழுக்குதான் காட்டிக் குடுக்கும், அத கழுவுனவன் என்னத்தையோ மறைக்கான்." கீழ படுத்துப் பாத்தா கியர் பாக்ஸ் சேருற இடத்துல புதுசா ஆயில் சொட்டிட்டு நிக்கு. திரும்பி வந்தாச்சு.

நான் எடுத்த வண்டி ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரோடது. எஞ்சின் பூரா தூசி. ஆனா மனுஷன் ஒரு துணிக்கடை கவர்ல பத்து வருஷத்து ஆயில் பில்லையும் அடுக்கி வச்சிருந்தாரு, ஒவ்வொண்ணும் எட்டாயிரம் ஒம்பதாயிரம் கிலோமீட்டர் இடைவெளில. பில்லுல உள்ள கிலோமீட்டர் ஒழுங்கா ஏறிட்டே வருது, அதனால மீட்டர திருப்பி வச்சிருப்பாவளோங்கற பயமும் போச்சு. ஆப்ல நம்பர அடிச்சுப் பாத்தேன், ஒரே ஓனர், லோன் ஒண்ணும் நிலுவைல இல்ல. போறதுக்கு முந்தின நாளே போன்ல "சார், நாங்க வாறதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணிராதிய"ன்னு சொல்லிட்டேன், போன உடனே பானெட்ல கை வச்சுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. ஏன்னா இந்த எஞ்சினோட நோய் எல்லாம் காலைல மொத ஸ்டார்ட்லதான் வெளிய தெரியும். சாவிய திருப்புனதும் டைமிங் செயின் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிறது) பக்கம் ரெண்டு செகண்டு கரகரன்னு ஒரு சத்தம், பெறவு அமைதி. நீலப்புகை இல்ல. ஆயில் மூடிய கழட்டுனா அது மேல வச்ச நிலைலயே நிக்கு, உள்ள இருந்து காத்து தள்ளி தூக்கி எறியல, பிஸ்டன் பக்கம் கசிவு இல்லன்னு அர்த்தம். ஆசான் தலைய ஆட்டுனாரு, "செயின் மட்டும் போடணும், மிச்சம் கொள்ளாம்."

இங்கதான் எனக்கும் ஆசானுக்கும் மொத சண்டை. செயின் போடணும்னு அவரேதான் சொன்னாரு, வண்டி கைக்கு வந்த பெறவு "இன்னும் ஒரு வருஷம் ஓட்டு, ஓடுற வண்டில கைய வைக்கப்படாது"ன்னு பல்டி. நம்ம ஊர்ல எல்லா மெக்கானிக்கும் சொல்லுத வேதவாக்கு இது. நான் விடல. இந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு ஒரு பேச்சு உண்டு, அத நம்பப்படாது. செயின இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் எஞ்சின் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யும், ஆயில் அழுக்காகியோ குறைஞ்சோ போனா பிடி தளரும், செயின் நீளும், ஒருநாள் பல்லு தாவுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதி ராக்கர் எல்லாம் ஒடிஞ்சு கெடக்கும். அதுக்கப்புறம் ஹெட்ட (எஞ்சினோட மேல் பாகம்) எறக்குற செலவுக்கு வண்டிய பாதி விலைக்கு வித்துரலாம். செயின் கிட், கூலி சேத்து 9,500. கழட்டுன பழைய செயினையும் புதுசையும் பக்கத்துல தொங்க விட்டா நீள வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது, ஆசான் ஒண்ணும் பேசல, பீடி பத்த வைக்கப் போயிட்டாரு.

மொத மாசமே ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் மாத்தி 3,400, வாட்டர் பம்ப், அத சுத்துற பெல்ட், கூலன்ட் 5,100, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் 4,000, நாலு டயர் 19,000. டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல உள்ள நாலு நம்பர பாத்தா 2014ன்னு காட்டுது, மொத ரெண்டு வாரம், பின்ன ரெண்டு வருஷம், எட்டு வருஷம் பழைய ரப்பர். ஆடி மாசம் ஆரல்வாய்மொழில அடிக்கிற காத்துல அந்த டயரோட லாரிய ஓவர்டேக் பண்ணிப் பாத்தா தெரியும். மொத்தம் 41,000 ஆச்சு. அதனால என் கணக்குல இந்த வண்டி விலை 3,26,000, பழைய வண்டி வாங்குறவன் கைல உள்ள பைசா முழுசையும் வண்டிக்கே குடுத்துட்டான்னா அவன் வண்டி வாங்கல, வம்ப வாங்குனான்.

அடுத்தது நம்ம கடலோர ஜில்லா சமாச்சாரம், இத எந்த யூடியூப்காரனும் சொல்லமாட்டான். பெஞ்சாதி வீடு முட்டத்துல, கடல் சத்தம் கேக்குற தூரம், வாரத்துல ரெண்டு நாள் வண்டி அங்கதான் கெடக்கும். உப்புக்காத்துக்கு கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது, நிறுத்திப் போட்ட வண்டியத்தான் அது ஆசையா தின்னும். டிக்கி கதவு கீழ் விளிம்பு, நாலு கதவோட அடிப்பாகம், சைலன்சர் ஜாயின்ட், இப்படி கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் துரு ஆரம்பிக்கும். கதவு அடில தண்ணி வடியுறதுக்குன்னு சின்ன ஓட்டை விட்டிருப்பான், அதுல மண்ணு அடைச்சா உள்ள தண்ணி கட்டி உள்ளுக்குள்ளயே அழுகும், ஒரு ஈர்க்குச்சிய விட்டு குத்துனா போதும், செலவு பூச்சியம். வைப்பர் கீழ உள்ள பிளாஸ்டிக் தட்டுக்கு அடிலயும் இதே கதைதான், நம்ம ஊர்ல தென்னம்பூ கொட்டும், ரப்பர் இலை விழும், அது மக்கி வடிகால அடைச்சிரும், ஐப்பசி மழைல எனக்கு முன் சீட்டு கால் மிதிக்கிற மேட் அடில ஒரு சிரட்டை வெள்ளம் நின்னுச்சு. ஏசில இருந்து வருதுன்னு நெனச்சு ரெண்டு வாரம் சும்மா இருந்தேன், மேட் நாறுன பெறவுதான் தேடுனேன்.

இன்னொண்ணு, அண்டர் கோட்டிங், அதாவது துரு பிடிக்காம இருக்க வண்டி அடில பூசுறது. முந்தி யாரோ அடிச்ச தார் மாதிரி கோட்டிங்க ஒரு இடத்துல சுரண்டிப் பாத்தா அடில துரு பொரிஞ்சு கெடக்கு. துருவ சுரண்டி எடுத்து பிரைமர் அடிக்காம மேலயே கருப்பா பூசுனா அது ஈரத்த உள்ள வச்சு மூடுற வேலை. எனக்கு எல்லாம் சுரண்டி, ரெண்டு இடத்துல தகடு வச்சு வெல்ட் பண்ணி, திரும்ப கோட்டிங் அடிக்க 12,000. ஏசி கண்டன்சர் உப்புல அரிச்சு ஓட்டையானது தனியா 6,500. அதுக்கப்புறம் முட்டத்துல இருந்து வந்தா அன்னைக்கே அடிப்பாகத்துக்கு கிணத்து வெள்ளம் அடிச்சு விடுதேன். (தென்னைக்கு அடில நிறுத்தி தேங்கா விழுந்து மேல் தகடு குழியானது என் புத்தி, அத வண்டி கணக்குல சேக்கப்படாது.)

ரோட்ட பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா. களியக்காவிளைல இருந்து நாகர்கோவில் வரைக்கும் என்ஹெச் 66ல தினம் போற ஆளுக்கு சஸ்பென்ஷன்ல உள்ள லிங்க் ராடு எல்லாம் பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி, அப்பப்ப மாத்தணும். மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறுற அந்த ரெண்டரை கிலோமீட்டர்தான் சஸ்பென்ஷனுக்கு ஓய்வு. லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுன்ட் ஒரு தடவ 7,000, லிங்க் ராடு ரெண்டு தடவ சேத்து 1,800. 1,71,000ல கிளட்ச் போச்சு, மிதிக்க மிதிக்க கல்லு மாதிரி ஆகி ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டுதான் போச்சு, 8,200. பேட்டரி 5,400.

இனி நான் பண்ணுன முட்டாத்தனம். முன்கூட்டியே மாத்துற பைத்தியம் முத்திப் போய், நல்லா வேலை செஞ்சுட்டு இருந்த ஏர் ஃப்ளோ சென்சார (எஞ்சினுக்குள்ள போற காத்த அளக்குறது) "வயசாயிருச்சுல்லா"ன்னு கழட்டி தூரப் போட்டுட்டு ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கி நானே மாட்டுனேன். டூப்ளிகேட். திருநெல்வேலி போற வழில காத்தாடி எல்லாம் நிக்கிற முப்பந்தல் பக்கத்துல கரும்புகை தள்ளி, இழுவை செத்து, எஞ்சின் லைட்டு எரிஞ்சு, மாமியார பின்னால வச்சுக்கிட்டு நாப்பதுல உருட்டுனேன். திரும்ப ஒரிஜினல் 3,200. ஆசானுக்கு அன்னைக்கு தீபாவளி. "இதுக்குத்தான்வே ஓடுற வண்டில கைய வைக்காதன்னு சொன்னது, பழச ஸ்ப்ரே அடிச்சு கழுவியிருந்தா போதும்லா?"

அதுல இருந்து எனக்கு ஒரு தெளிவு. சில சாமான் சாகுறதுக்கு முன்ன ஆள் விட்டுச் சொல்லும், கிளட்ச் இறுகும், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் கடகடக்கும், வீல் பேரிங் ஊளையிடும். அதையெல்லாம் அது சொல்லும்போது பாத்தா போதும். செயின், கூலன்ட் ஹோஸ், வயசான டயர், பிரேக் ஆயில் இதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாம காலை வாரும், அத முந்திக்கிட்டு மாத்தியே ஆகணும். பிரேக் ஆயில் காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், ரெண்டு மழைக்காலமும் பாக்குற நம்ம ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல விடப்படாது. ஆசான் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, ஆளுக்கொரு பட்டியல், அவ்வளவுதான். அவர் இத இன்னும் ஒத்துக்கல.

ஓட்டுறதுக்கு எப்படின்னா, 2,000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும், அதுக்கப்புறம் டர்போ பிடிச்சு ஒரே தள்ளா தள்ளும். ஆளும் லக்கேஜும் ஏத்திட்டு பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல இத மறந்தா நின்னுரும், பழகிட்டா சுகம். நல்லா விரட்டி வந்தா நிறுத்துன உடனே ஆஃப் பண்ணாம அர நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆஃப் பண்ணுதேன், டர்போ ஆறட்டும்னு. கம்பெனி அப்பம் சொன்ன மைலேஜ் 22.9, எனக்கு ஏசியோட 18, 19, திருநெல்வேலி நாலுவழில 21 வரைக்கும், திருவனந்தபுரம் சிட்டிக்குள்ள 16. ஆயில் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ, 5டபிள்யூ 30, மூணு லிட்டருக்கு கொஞ்சம் மேல பிடிக்கும், ஃபில்டர் கூலியோட மூவாயிரத்துக்குள்ள முடியும், ஆறு தடவ ஆச்சு. அத மட்டும் ஆசான் கேக்காமலே நான் கொண்டு நிறுத்திருவேன். டேஷ்போர்டு கிறுகிறுன்னு சத்தம் போடும், பின் சீட்டு மூணு பேருக்கு நெருக்கடி, டிக்கில ஒரு பெரிய சூட்கேஸ்தான்.

மொத மாசத்து 41,000 சேத்து மூணு வருஷத்துல டீசல், இன்சூரன்ஸ் தவிர ஒரு லட்சத்து நாலாயிரத்து ஐநூறு. 45,000 கிலோமீட்டருக்கு வகுத்தா கிலோமீட்டருக்கு ரெண்டேகால் ரூபாய்க்கு கொஞ்சம் மேல. முப்பந்தல் கதை தவிர ஒரு தடவ கூட வழில விட்டதில்ல, அதுவும் நான் வச்ச ஆப்பு. அம்மாவ மாசம் ஒருதடவ செக்கப்புக்கு விடியக்காலைல திருவனந்தபுரம் கொண்டு போறது இதுலதான்.

2027ல பதினஞ்சு வருஷம் முடியும், ஆர்சி புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். புதுப்பிக்கிற பீஸ 2022 ஏப்ரல்லயே 600ல இருந்து 5,000க்கு ஏத்திட்டாவ, அப்பம் எவ்வளவு நிக்குமோ. அதுக்கு முன்ன டிரைவர் பக்கம் காலடித் தகட்ட ஒருக்க கழட்டிப் பாக்கணும்னு ஆசான் இப்பமே சொல்லிட்டாரு. அவர் வாயால முன்கூட்டியே ஒரு வேலை சொன்னது இதுதான் மொத தடவ, அதனால இந்த சித்திரைக்கே கொண்டு விட்டுரலாம்னு இருக்கேன்.