இறைச்சியைப் புகையில் வாட்ட: பீப்பாயா, கல்லடுப்பா?

மட்டக்களப்பில் கூட்டாளிமார் கூடினால் கோழியைத் தணலில் சுடுவதுதான் வழக்கம். மெல்லப் புகையில் வாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் குழப்பம் இது: 200 லீற்றர் பீப்பாயை வெட்டுவதா, சீமெந்துக் கல்லை அடுக்குவதா?

செலவு
பீப்பாய்: வாங்கும் விலையோடு வெல்டிங் கூலியும் சேரும்.
கல்: வீடு கட்டி மிஞ்சியதே போதும். மேலே கம்பி வலை, மூட ஒரு தகரம்.

சூடு
பீப்பாய்: இங்கே இதுதான் வெல்லும். 110 முதல் 120 பாகை செல்சியஸ் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். காற்றுப் புகும் கீழ்த் துளையைக் கொஞ்சம் மூடினாலே நெருப்பு அடங்கிவிடும்.
கல்: இடுக்கெல்லாம் காற்று. பின்னேரம் கடற்காற்று எழும்பினால் தீயும் எழும்பும், பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். களிமண் பூசினால் ஓரளவு சரி.

நீடித்த உழைப்பு
பீப்பாய்: உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.
கல்: துரு இல்லை. ஆனால் மழையில் நனைந்த கல் சூட்டில் வெடிக்கக்கூடும்.

இரசாயனம் வந்த பீப்பாயும் நாகம் (துத்தநாகம்) பூசியதும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எரிபொருள் இரண்டுக்கும் ஒன்றுதான்: சிரட்டைக்கரி, மேலே காய்ந்த கொய்யாக் கட்டை. பெயின்ட் பூசிய பலகையைப் போடாதீர்கள். கோழியின் தடித்த பகுதி உள்ளே 74 பாகையைத் தொட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது.

அடிக்கடி கூடுகிற, மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாகப் போடுகிற கூட்டத்துக்குப் பீப்பாய். வருடத்தில் ஓரிரு தடவை, நிறையக் கோழி என்றால் கல்லடுப்பு. வேண்டிய அகலத்துக்கு அடுக்கலாம், மறுநாள் பிரித்தும் வைக்கலாம்.