டபுள் ஸ்கின் ஏ.ஹெச்.யூ.: ஆண்டுக்கணக்கில் ஓட்டிய பின் எது தாங்குகிறது, எது தேய்கிறது

காற்றைக் குளிர்வித்து டக்ட் வழியாகத் தளத்துக்கு அனுப்பும் பெட்டிதான் ஏ.ஹெச்.யூ. சென்னை போன்ற கடலோர ஊரில், சில்டு வாட்டரில் (குளிரூட்டி அனுப்பும் தண்ணீரில்) ஓடும் 10,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று) யூனிட்டைப் பற்றிய பகிர்வு இது. அலுவலகக் கட்டடங்களில் தளத்துக்கு ஒன்றோ இரண்டோ நிற்கும் வகை. ஏறத்தாழ 25 டன் குளிரூட்டும் திறன், 6 வரிசை காயில் (குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களும் அவற்றின் மேல் ஃபின் என்ற மெல்லிய அலுமினியத் தகடுகளும்), பெல்ட்டில் சுழலும் ஃபேன், பஃப் என்ற வெப்பத்தடுப்பு நுரை நிரப்பிய இரட்டைத் தகடு. தகரப் பெட்டி, மோட்டார், காயில் இந்த மூன்றும் எந்தக் கம்பெனியுடையதானாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உழைக்கின்றன. மூன்றாம் ஆண்டில் கிளம்பும் புகாரைத் துருவிக்கொண்டு போனால், யூனிட்டை இறக்கிய முதல் வாரத்தில் போட்ட பீடம், குழாய், ஃபேன் வாயை இணைக்கும் கேன்வாஸ் துணி ஆகியவற்றில் ஒன்றில்தான் போய் முடிகிறது. டெண்டரில் கம்பெனிப் பெயருக்காகச் சண்டை போடுகிறவர்கள் பீடத்தின் உயரத்துக்காக ஒரு வரிகூட எழுதுவதில்லை.

பீடமும் டிரெயினும்

காற்றில் இருந்து பிரியும் தண்ணீர் கொஞ்சநஞ்சம் அல்ல. 25 டன்னில் கால்பங்கு ஈரப்பதத்துக்குப் போகிறது என்று வைத்தால் மணிக்கு 30 லிட்டர் அளவில், காயிலுக்கு அடியில் உள்ள தட்டான டிரெயின் பேனில் விழும். மழைக்காலத்தில் வெளிக்காற்று அதிகம் எடுத்தால் இன்னும் கூடும். இதை வெளியேற்ற சரிவு மட்டும் போதும் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் யூனிட்டில் பேன் இருக்கும் அறை முழுக்க இழுவையில் (வெளியைவிடக் குறைந்த அழுத்தத்தில்) இருக்கிறது. குழாயில் டிராப் (தண்ணீர் தேங்கிக் காற்றை மறிக்கும் வளைவு) இல்லை என்றால் ஃபேன் டிரெயின் வழியாகவே காற்றை உறிஞ்சும். உள்ளே வரும் அந்தக் காற்று தண்ணீரை வெளியே விடாமல் தாங்கிப் பிடிக்கும். பேனில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மாலையில் யூனிட்டை நிறுத்தியதும் மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டும். ஓடும்போது ஒழுகாமல் நிறுத்தினால் ஒழுகும் யூனிட்டில் பேனில் ஓட்டை தேடுவது வீண் வேலை.

டிராப் இருந்தாலும் ஆழம் போதாவிட்டால் இதே கதைதான். கணக்கு எளிது. பேன் பகுதியில் உள்ள இழுவையை மி.மீ. தண்ணீர் அளவாக மாற்றி, அதோடு 25 மி.மீ. கூட்ட வேண்டும். பேனின் வெளிவாய்க்கும் டிராப்பின் வெளியேறும் மட்டத்துக்கும் இடையே அவ்வளவு இறக்கம் வேண்டும். அதில் பாதி, டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரின் ஆழம். இழுவை 500 பாஸ்கல் என்றால் 51 மி.மீ.; இறக்கம் 76, தண்ணீர் ஆழம் 38. குழாயின் விட்டத்தையும் சேர்த்தால் வெளிவாய்க்குக் கீழே 160 மி.மீ.க்குக் குறையாமல் இடம் தேவை. இதைப் புது ஃபில்டரோடு கணக்குப் போடக் கூடாது. ஃபில்டர் அடைக்க அடைக்க இழுவை கூடும். அடைந்த நிலைக்குத்தான் கணக்கு. யூனிட்டின் சொந்த ஃப்ரேம் 100 மி.மீ., அதற்கடியில் கான்கிரீட் பீடம் 100 மி.மீ. இருந்தால் இது தாராளமாக அடங்கும். தரையோடு உட்கார வைத்த யூனிட்டுக்குப் பிறகு தரையைத்தான் கொத்த வேண்டியிருக்கும்.

டிராப் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஃபேன் ஓடும்போது டிரெயின் முனையில் ஒரு டிஷ்யூ தாள் கீற்றைப் பிடித்தால் போதும். தாள் உள்ளே இழுபட்டால் டிராப் காலி. முதல் முறை ஓட்டும் முன் டிராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும்; இதை மறந்துவிட்டு டிராப் சரியில்லை என்று மாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டு யூனிட் டிரெயினை ஒரே டிராப்பில் சேர்க்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனி. முனையைச் சாக்கடைக் குழாயில் நேரடியாகச் சொருகாமல் ஃப்ளோர் டிராப்புக்கு மேலே இடைவெளி விட வேண்டும். டிரெயின் குழாய்க்கும் நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழாயே வியர்த்து ஒழுகல் மாதிரி ஏமாற்றும்.

பேன் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் பல ஆண்டு கவலை இல்லை. பெயின்ட் அடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பேன் விலை குறைவு. கடலோரத்தில் மூலையில் துருப் பொட்டு சீக்கிரமே தெரிந்துவிடும். இந்த ஒரு இடத்தில் கூடுதல் காசு கொடுப்பதற்கு யோசிக்கவே வேண்டாம்.

தண்ணீர் பக்கம்

7 டிகிரியில் உள்ளே, 12 டிகிரியில் வெளியே. 25 டன்னுக்கு வினாடிக்கு 4.2 லிட்டர் அளவில் ஓட்டம். காற்று காயிலை விட்டு வெளியேறும் பக்கத்தில் சப்ளை, கீழே இருந்து மேலே ஓட்டம் என்பது விதி. குழாய் வேலைக்கு வசதியாக இருக்கிறதே என்று சப்ளையையும் ரிட்டர்னையும் மாற்றிக் கோத்தால் யூனிட் ஓடும், குளிரும் வரும், ஆனால் கோடையில் கை கொடுக்காது. காயிலின் ஹெடர் குழாயில் அச்சிட்ட அம்புக்குறி சிலசமயம் பெயின்ட்டில் மறைந்திருக்கும். இன்சுலேஷன் ஒட்டும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

புதுக் குழாயைக் கழுவும்போது காயிலைச் சேர்க்கக் கூடாது. பைபாஸ் போட்டு, தண்ணீர் தெளிவாக வந்த பிறகே காயிலுக்கு வால்வைத் திறக்க வேண்டும். வெல்டிங் கசடு, கயிறு, மணல் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் வரும். காயிலில் ஒருமுறை சிக்கினால் முழுதாக வெளியே எடுப்பது நடக்காத காரியம். குழாயில் கசடைப் பிடிக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரை முதல் வாரத்தில் ஒருமுறை, முதல் மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தால் போதும்.

ஸ்ட்ரெய்னர், கன்ட்ரோல் வால்வு இரண்டின் மேலும் இன்சுலேஷனை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். முதல் சர்வீஸில் கத்தியால் கிழித்ததை யாரும் திரும்ப ஒட்டுவதில்லை. அங்கிருந்துதான் சொட்டு ஆரம்பித்து, அடியில் உள்ள, வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டரின் தலையில் விழுகிறது. கழற்றி மாட்டும் உறை போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபேன், பெல்ட், கேன்வாஸ்

ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனை லாரியில் ஆடாமல் இருக்க போல்ட்டால் இறுக்கி அனுப்புவார்கள். அந்தப் போல்ட்டை எடுக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓடும் யூனிட்டுகள் இருக்கின்றன. பக்கத்து மீட்டிங் ரூமில் சுவர் அதிர்கிறது என்ற புகாருக்கு ஃபேனை பேலன்ஸ் செய்யும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். கேன்வாஸை விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் ஸ்பிரிங் வைத்த பலன் போய்விடும். 100 முதல் 150 மி.மீ. இடைவெளியும் கொஞ்சம் தளர்வும் வேண்டும்.

பெல்ட் இறுக்கத்துக்கு விரல் கணக்கு: இரு புல்லி இடைவெளியில் மீட்டருக்கு 16 மி.மீ. அமுங்க வேண்டும். 600 மி.மீ. இடைவெளிக்குச் சுமார் 10 மி.மீ. புதுப் பெல்ட் ஒன்றிரண்டு நாள் ஓடியதும் தளரும், மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் சறுக்கிச் சறுக்கிச் சூடாகி ஆயுள் பாதியாகும். பயந்து முதலிலேயே விறைப்பாக இறுக்கினால் பெல்ட் பிழைக்கும், பேரிங் போகும். பெல்ட்டை மூடும் கார்டுக்கு அடியில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம்; நூல் பிடித்துப் பார்த்தால் நான்கு இடத்திலும் தொட வேண்டும். இரண்டு பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கிரீஸ் அதிகம் வைத்தாலும் பேரிங் சூடாகும். வகை மாற்றியும் கலக்கக் கூடாது.

மோட்டார் கழற்றி மாட்டிய பிறகு சுழலும் திசையைக் கண்ணால் பார்க்க வேண்டும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் பெருமளவு குறைந்து. அதனால் காற்று வருகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் அதற்கு வரும் ஒயரை மாற்றிப் பயனில்லை, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரைத்தான் மாற்ற வேண்டும்.

வி.எஃப்.டி. செலவு வீண் இல்லை. 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் ஃபேன் எடுக்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். பெல்ட்டைத் தூக்கிவிட்டு, ஒன்றுக்குப் பதில் பல இ.சி. ஃபேன்கள் (மோட்டாரும் மின்னணுப் பலகையும் சேர்ந்தே வருபவை) போடுவதும் இப்போது பரவலாக நடக்கிறது. தூள் இல்லை, பெல்ட் இல்லை, நான்கில் ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும். ஆனால் நின்ற ஃபேனின் வாய் வழியாகக் காற்று பின்னோக்கி வரும். காற்றைத் திரும்ப விடாத மூடியான பேக் டிராஃப்ட் டேம்பரோ அடைக்க ஒரு தகடோ கையில் இருக்க வேண்டும். அதன் மின்னணுப் பலகை போனால் ஊர் வைண்டிங் கடையில் வேலை ஆகாது. சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) தடுப்பு இல்லாத பேனலில் இதை மாட்டுவது அறிவீனம்.

ஃபில்டரும் காயிலும்

பிரீ ஃபில்டர் புதிதாக 50 பாஸ்கல் அளவில் தொடங்கும், 150-ல் கழற்ற வேண்டும். அடுத்த கட்ட நுண் ஃபில்டருக்கு 250 வரை விடலாம். ஃபில்டருக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு மேக்னஹெலிக் கேஜ் மாட்டினால் தேதி பார்த்து மாற்றும் பழக்கம் தானாகப் போய்விடும். வி.எஃப்.டி. அழுத்தத்தைப் பார்த்து ஓடும் யூனிட்டில் இது இன்னும் முக்கியம்: ஃபில்டர் அடைத்தாலும் ஃபேன் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும், யாருக்கும் புழுங்காது, மின் கட்டணம் மட்டும் ஏறும். கழுவும் ஃபில்டரைச் சுத்தமான பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்; ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் ஏ.சி. வழியாக எல்லா மேஜைக்கும் போகும். காய வைக்க நேரம் கிடைக்க, கூடுதலாக ஒரு செட் வாங்கி வைப்பதே வழி.

காயிலின் முகத்தில் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 500 அடி, அதாவது வினாடிக்கு 2.5 மீட்டர். 10,000 சி.எஃப்.எம்.முக்கு 20 சதுர அடி முகம் வேண்டும். இதைவிடச் சின்னக் காயிலைத் தள்ளிவிட்டால் தண்ணீர்த் துளி காற்றோடு பறந்து டக்ட்டை நனைக்கும். வாங்கும் முன் டேட்டா ஷீட்டில் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான்.

கழுவ ஆசிட் கூடாது. அரை மணியில் பளபளக்கும், அதோடு அலுமினிய ஃபின்னும் அரிக்கும். காய்ந்த தூசியை முதலில் வேக்குவத்தில் எடுத்துவிட்டு, மிதமான காயில் கிளீனர் தெளித்து, காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் போதும். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் ஃபின் படுத்துவிடும்.

கதவைத் திறக்கும் முன்

கீபேடில் ஸ்டாப் அமுக்குவது நிறுத்துவது ஆகாது. பி.எம்.எஸ். (கட்டடத்தின் கருவிகளை இயக்கும் கணினி அமைப்பு) அட்டவணைப்படி யூனிட் தானாகக் கிளம்பும்; பேனல் வேறு அறையில் இருந்தால் யாரோ வந்து போடுவார். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டை தொங்கவிட்டு, சாவியை உள்ளே இறங்குகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்த பிறகே ஒயரைத் தொட வேண்டும்.

மின்சாரம் போனாலும் ஃபேன் நிற்காமல் சுற்றலாம். ஒரே டக்ட்டில் இன்னொரு யூனிட் ஓடினால், மூடாத டேம்பர் வழியாக வரும் காற்று இதைத் திருப்பிச் சுற்றும். புல்லியில் கட்டை கொடுத்த பிறகுதான் பெல்ட்டில் கை. ஃபேனுக்குப் பின்னுள்ள அழுத்தப் பக்கக் கதவு, ஓடும்போது தாழை விட்டால் முகத்தில் வந்து அடிக்கும். இழுவைப் பக்கக் கதவு விரலை நசுக்கும். 254 நானோமீட்டர் யு.வி. விளக்கு உள்ளே இருந்தால் கதவைத் திறந்ததும் அணையும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஃபின்னுக்குப் பக்கத்தில் வெறும் கை கூடாது. பஃப் தகட்டுக்கும் ஃபில்டருக்கும் அருகில் வெல்டிங் என்றால் ஃபில்டரைக் கழற்றி வெளியே வைத்து, நனைந்த போர்வையும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்க வேண்டும். பஃப் பற்றினால் வரும் புகை நச்சு.

ஃபயர் அலாரம் அடித்தால் யூனிட் நிற்க வேண்டும், ஃபயர் டேம்பர் மூட வேண்டும். இதைச் சிக்னல் கொடுத்துச் சோதிப்பார்கள். டேம்பரின் இலை உண்மையிலேயே மூடியதா என்று டக்ட் கதவைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

அறை

பெரும்பாலான அலுவலகங்களில் ஏ.ஹெச்.யூ. அறையே திரும்பி வரும் காற்றின் பாதை. அங்கே பெயின்ட் டின், பினாயில், பழைய கார்ப்பெட் வைத்தால் அந்த வாடை முழுத் தளத்துக்கும் போகும். அறையே இழுவையில் இருப்பதால் காய்ந்துபோன ஃப்ளோர் டிராப்பிலிருந்தும் சாக்கடை வாடையை உறிஞ்சும். எலி செத்துவிட்டது என்று ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும் முன் ஒரு வாளி தண்ணீரை அந்த டிராப்பில் ஊற்றிப் பார்க்கலாம். நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமை வரும் வாடைப் புகார் அநேகமாக இதுதான்.

கரண்டைக் குறைக்க என்று ஃப்ரெஷ் ஏர் டேம்பரை மூடிக் கம்பியால் கட்டி வைப்பது இன்னொரு வழக்கம். மதியத்துக்கு மேல் தலைவலி, தூக்கம் என்று ஆட்கள் சொன்னால் தெர்மோஸ்டாட்டைத் திருகாமல் அந்தக் கம்பியைத் தேடுங்கள்.

கடலோரத்தில் முதலில் சாவது வெளிக்காற்றை எடுக்கும் பக்கத்து ஃபின்கள். தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். எபாக்ஸி பூச்சு அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. அப்போது காயிலை மாற்ற, யூனிட்டின் பக்கவாட்டில் காயில் நீளத்துக்குச் சமமான வெற்றிடம் வேண்டும். வரைபடத்தில் அந்த இடம் இருக்கும். நடுவில் யாரோ கேபிள் டிரே இழுத்திருப்பார்கள், அல்லது யு.பி.எஸ். பேட்டரி ரேக் வைத்திருப்பார்கள். இடம் இல்லாத அறையில் காயிலை இரண்டாகப் பிரித்து ஆர்டர் கொடுக்கலாம், விலையும் நாளும் கூடும். அதுவும் முடியாவிட்டால் சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு வேலை, தூசி மறைப்பு, தளத்துக்குத் தற்காலிக ஸ்பாட் கூலர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த எஸ்டிமேட்டைப் போட வேண்டும்.